மரங்கொத்தியின் இருக்கை

என்ஜின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. லொரெட்டா கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டை மூடப் போனாள். அப்போதுதான் அது தடுக்கியது. ஐந்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி விட்டு, தூங்குகிற ஆளுக்கு மூச்சு சிக்குவதைப்போலச் சிக்கிச் சிக்கி, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி சீராக ஓடியது.

அவள் பானெட்டை மூடவில்லை.

"என்னம்மா, முடிஞ்சுதா?" என்றாள் கத்யா. லொரெட்டாவின் மகள், கொட்டகை வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் முற்றம் இருந்த இடத்தில் பனிமூட்டம்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கியது, இன்னும் விலகவில்லை.

"நீ கேட்டியா?"

"எதை?"

"இப்ப. அஞ்சு தடவை மிஸ்ஸிங் அடிச்சுதே."

"பழைய வண்டிம்மா. மாடிப்படி ஏறுறப்ப உனக்குக்கூடத்தான் மிஸ்ஸிங் அடிக்குது."

"நாளைக்கு இதுல உக்காரப்போறது நீ."

"ஆமா. மாமா உக்காந்த சீட்டுல. மாமா பேர்ல நடக்குற பந்தயம், மாமா சீட்டு காலியா போனா நல்லாவா இருக்கும்? ஓட்டப்போற எர்மெஸும் சரின்னுட்டாரு."

"உடனே சரின்னானா?"

கத்யா சிரித்தாள். "வாயத் திறந்தாரு. பார்ல எல்லாரும் அவரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. மூடிட்டாரு. அப்புறந்தான் சரின்னாரு." சைக்கிளைத் திருப்பினாள். "நான் ரொட்டி வாங்கிட்டு வரேன். நீ இன்னைக்கே சரி பண்ணிடு. உனக்குக் கேக்காத சத்தமா?"

முற்றத்தின் நடுவிலேயே அவள் கரைந்து போனாள். சைக்கிள் சங்கிலியின் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் போய், அதுவும் நின்றது.

இரண்டு பேர் உட்காரும் சாம்பல் நிறப் பந்தய வண்டி அது. லொரெட்டா பள்ளிக்கூடம் போன காலத்தில் செய்தது. நான்கு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். எர்மெஸின் வண்டிதான். ஆனால் அதன் ஒவ்வொரு திருகும் லொரெட்டாவின் விரலைத் தெரிந்து வைத்திருந்தது. அதைக் கால்வாயிலிருந்து தூக்கி வந்து இந்தக் கொட்டகையில் போட்ட பிறகு, சேறு கழுவி, கழற்றி, மறுபடி பூட்டி, உயிர் கொடுத்தவள் அவள். அதே கால்வாயிலிருந்துதான் அவளுடைய தம்பி, கத்யாவின் மாமா ஒரியானோவையும் தூக்கினார்கள். அவனுக்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வண்டி மறுபடி தடுக்கியது. ஐந்து. பிறகு சீர்.

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, என்ஜின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். எந்த சிலிண்டர் சோம்பேறி என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. வேலை செய்கிற சிலிண்டரின் வயரை எடுத்தால் வண்டி துள்ளும், செய்யாததை எடுத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. முதல் வயரை எடுத்தாள், துள்ளியது. இரண்டாவதை எடுத்தாள், துள்ளியது. நான்குமே துள்ளின. நான்கும் ஒழுங்காக உழைத்தன. ஆனால் அந்த ஐந்து தடுக்கலின்போது மட்டும் நான்கும் சேர்ந்து மூச்சை நிறுத்தின, யாரோ உள்ளங்கையால் வாயைப் பொத்திப் பொத்தி விடுவதைப்போல.

என்ஜினை நிறுத்தி, பாயிண்ட்டைத் தேய்த்தாள். கண்டென்சரை மாற்றினாள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை விளக்குக்கு நேராகப் பிடித்து விரிசல் தேடினாள். எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு சரியாக இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கோளாறு என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்காது. சூடானால் வரும், குலுங்கினால் வரும், மழையில் வரும், தன் இஷ்டத்துக்கு வரும். இது எண்ணி வந்தது.

எண்ணி வந்தது என்று மனதுக்குள் சொன்னதும் அவளுடைய கை திருப்புளியோடு நின்றுவிட்டது.

ஒரியானோவுக்குத் திக்குவாய். அவனும் எர்மெஸும் ஓட்டிய பந்தயம் வேகப் பந்தயம் இல்லை. சாலைக்குக் குறுக்கே ஒரு ரப்பர் குழாய் கிடக்கும், அதைச் சொல்லி வைத்த நொடியில் சக்கரம் மிதிக்க வேண்டும், முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி போய்விடும். ஓட்டுபவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து, நான்கு, மூன்று என்று உரக்கச் சொல்வான். ஒரியானோவுக்கு ஐந்திலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும். அதனால் அவன் சொல்வதில்லை, தட்டுவான். அப்பாவின் தடித்த மோதிரத்தால் டேஷ்போர்டில் ஐந்து தட்டு. ஐந்துக்குப் பிறகு வரும் மௌனம்தான் அந்த நொடி. பந்தயக் கிளப்பில் எல்லாரும் அவனை மரங்கொத்தி என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவான்.

பனிக்காலத்தில் அவனுக்கும் எர்மெஸுக்கும் ஒரு திமிர் விளையாட்டு இருந்தது. இந்தச் சமவெளியில் பனிமூட்டத்துக்கு வேகம் குறைக்கிறவனை பாரில் ஒரு வாரத்துக்குக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். இவர்கள் செங்கல் பாலத்திலிருந்து கால்வாய்க் கரையோடு, நீரேற்று நிலையத்து வளைவு வரைக்கும், பானெட்டின் நுனிகூடத் தெரியாத மூட்டத்தில் ஒரே வேகத்தில் ஓட்டிப் போவார்கள். கண்ணை நம்புவதில்லை, எண்ணிக்கையை நம்புவார்கள். ஐந்து தட்டு, மௌனம், ஸ்டியரிங்கைத் திருப்பு. வளைவு அங்கேதான் இருக்கும்.

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை, வளைவு அங்கே இல்லை.

"அவன் தப்பா எண்ணிட்டான்," என்று எர்மெஸ் பாரில் சொன்னான். தலையில் கட்டு, கையில் பிராந்தி. "அஞ்சாவது தட்டு லேட். நான் திருப்புறதுக்குள்ள தண்ணி. வெளிய வந்து பாத்தா ஒரு சத்தம்கூட இல்ல." யாரோ, பரிதாபமாகத்தான், சொன்னார்கள்: "வாயில இருந்த திக்கல் அன்னைக்குக் கைக்கு வந்திருச்சு." எல்லாரும் தலையசைத்தார்கள். லொரெட்டா அசைக்கவில்லை. அவளுடைய தம்பியின் வாய்தான் தப்பு செய்யும். அவன் கை ஒருநாளும் செய்ததில்லை.

வண்டியைக் கழற்றும்போது ஒரியானோ பக்கத்துக் கதவுக் கண்ணாடியில் அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். சின்னச் சின்ன நட்சத்திரக் கீறல்கள், ஒரே இடத்தில், நெருக்கமாக. உள்பக்கமாக. கரையில் மோதியதில் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புதுக் கண்ணாடி போட்டாள். ஆனால் பழையதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அது இன்னும் அலமாரிக்குப் பின்னால், சாக்கில் சுற்றி, இருந்தது.

இப்போது அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் மறுபடி என்ஜினைக் கிளப்பிவிட்டு ரப்பர் குழாய்த் துண்டை எடுத்தாள். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகே கொண்டுபோனாள். காற்று உள்ளே போகும் சீறலை வைத்தே எது அதிகம் குடிக்கிறது, எது குறைவு என்று அவள் சொல்லிவிடுவாள். முதலாவது சீறியது. இரண்டாவதும் அதே அளவு சீறியது. பிறகு சீறல் நின்றது. குழாயின் அந்தப் பக்கம் ஏதோ விழுங்கியது. அடைத்துக்கொண்டு, கட்டிக்கொண்டு, ஒரு தொண்டை தண்ணீரை விழுங்குகிற சத்தம். ஐந்து முறை.

குழாயைக் கீழே போட்டாள். சாவியைத் திருப்பி நிறுத்தினாள். கொட்டகையில் சூட்டு உலோகம் சுருங்கும் டிக் டிக் மட்டும் மிச்சம்.

கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றியபோது அதில் பெட்ரோல் இல்லை. பச்சையாக, கலங்கலாக, தண்ணீர். விரல் நோகும் குளிர். நடுவில் முடி போல ஒரு பாசி இழை சுருண்டு கிடந்தது. கால்வாயின் நாற்றம், அழுகிய நாணலும் இரும்பும் கலந்த அதே நாற்றம், கொட்டகை முழுக்கப் பரவியது. காலையில்தான் அவள் டாங்கியைக் கழுவிப் புது பெட்ரோல் ஊற்றியிருந்தாள்.

காலையில் வேறு யார் வந்தார்கள்? எர்மெஸ் வந்தான். அவள் காபி போட உள்ளே போயிருந்தபோது தனியாக நின்றான்.

அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆள் செய்த வேலை என்றால் அதற்கு மருந்து உண்டு. அவனுக்கு நாளை ஓட்டப் பிடிக்கவில்லை, வண்டி ஓடாவிட்டால் பழி வண்டிக்கு. ஆனால் ஏன் பிடிக்கவில்லை? கோளாறு வண்டியில் இருந்தால் எடுத்துவிடலாம். எர்மெஸிடம் இருந்தால் எந்தத் திருப்புளியால் எடுப்பது? நாளைக் காலை அவன் பக்கத்தில் கத்யா உட்கார்வாள்.

வெளியே விசில் கேட்டது.

அவன்தான். முன்பெல்லாம் தகரக் கதவை இரண்டு கையாலும் மத்தளம் மாதிரித் தட்டிவிட்டு வருவான். விபத்துக்குப் பிறகு தட்டுவதே இல்லை, விசிலடிப்பான். அதை அவள் கவனித்திருந்தாள், ஏன் என்று இதுவரை யோசித்ததில்லை.

"என்ன, இன்னும் பானெட்டுக்குள்ளயா?" எர்மெஸ் வண்டியைச் சுற்றி ஓட்டுநர் பக்கமாக வந்து நின்றான். எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பான். "ரெடியா இல்லாட்டி விட்டுரு லொரெட்டா. நான் கிளப்ல சொல்லிக்கிறேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"பழைய வண்டி, மக்கர் பண்ணுதுன்னு."

"மக்கர் பண்ணுதா, பண்ண வச்சியா?" கிண்ணத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதைக் குடிச்சுப் பாரேன். எந்த ஊர் தண்ணின்னு சொல்லு."

அவன் கோபப்பட்டிருந்தால் அவள் நம்பியிருப்பாள். சிரித்திருந்தாலும் நம்பியிருப்பாள். அவன் பின்னால் நகர்ந்தான். கிண்ணத்தை அல்ல, அவளுக்குப் பின்னால் இருந்த காலி இருக்கையைப் பார்த்தபடி.

"நான் ஊத்தல," என்றான் மெதுவாக.

"அப்ப யாரு ஊத்தினா?"

"சத்தியமா நான் ஊத்தல."

இந்த ஒன்றில் அவன் உண்மை பேசுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் கிண்ணத்தைக் கழுவினாள், பூட்டினாள், பெட்ரோல் ஏற்றினாள். "ஏறு. ஓட்டிப் பாக்கலாம்."

"சாவியக் குடு. நானே ஓட்டிப் பாத்துட்டு வரேன்."

"நான் ஓட்டுறேன். நீ அந்தப் பக்கம் உக்காரு."

"அந்தப் பக்கமா? நான் எதுக்கு..."

"நாளைக்கு எம் பொண்ணு உக்காரப்போற இடம்டா அது. இன்னைக்கு உன்னால உக்கார முடியாதா?"

எர்மெஸ் கொஞ்ச நேரம் தகரக் கதவைப் பார்த்தான். பிறகு இருக்கையில் யாரோ இருப்பதைப்போல ஓரமாக, உடம்பைக் குறுக்கி உட்கார்ந்தான். லொரெட்டா அவன் பக்கத்துக் கதவைச் சாத்தினாள். காலையில் அவளே எண்ணெய் விட்ட கதவு. வெண்ணெய் மாதிரி மூடிக்கொண்டது.

இருட்டவில்லை. ஆனாலும் வெளிச்சம் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. விளக்கைப் போட்டால் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது, அணைத்தால் சாம்பல் சுவர். ஈரம் பானெட்டின் மேல் முத்து முத்தாக உட்கார்ந்து, நடுங்கி, பின்னால் ஓடியது. சாலையோரத்து வெள்ளைக் கோடு மட்டும் எங்கிருந்தோ வந்து சக்கரத்துக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. என்ஜின் மணியாக ஓடியது. சூடு ஏறியது. எர்மெஸ் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கப் பிடியைச் சுற்றினான். கண்ணாடி இறங்கவில்லை.

"இது ஏன் இறங்கல?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"லொரெட்டா, இது ஏன் இறங்கல?"

செங்கல் பாலத்தின் மேல் சக்கரங்கள் தடதடத்தன. பாலம் முடிந்தது. என்ஜின் தடுக்கியது.

ஒன்று.

"நிறுத்து," என்றான் அவன்.

இரண்டு. மூன்று.

"என்ன சொல்லுதுன்னு கேளு."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"கேக்காமத்தான் காதைப் பொத்திக்கிறியா?"

நான்கு. ஐந்து. பிறகு அந்த மௌனம். அவளுடைய கைகள் தாமாகவே ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்த்தன. இறுக்கிப் பிடித்து நேராக வைத்தாள். இன்னும் வளைவு வரவில்லை. கியரைக் குறைத்தாள். நடக்கிற வேகத்தில் வண்டி ஊர்ந்தது. இடது பக்கம், மூட்டத்துக்குக் கீழே எங்கேயோ, கால்வாய் இருந்தது. அதன் வாடை வண்டிக்குள் வந்துவிட்டது.

மறுபடி ஐந்து. இந்த முறை என்ஜினிலிருந்து மட்டும் வரவில்லை. டேஷ்போர்டில் மெல்லிய அதிர்வு. உலோகத்தின் மேல் உலோகம்.

"அவன் தப்பா எண்ணல," என்றான் எர்மெஸ்.

அவள் வெள்ளைக் கோட்டைப் பார்த்தே ஓட்டினாள்.

"அஞ்சையும் சரியாத்தான் தட்டினான். நான்தான் திருப்பல. ஒரே ஒரு நொடி. அவனப் பயமுறுத்தலாம்னு. விளையாட்டுக்குத்தான் லொரெட்டா."

"அப்புறம்?"

"என் பக்கம் கண்ணாடி தொறந்திருந்துச்சு. வந்துட்டேன். கரையில ஏறிட்டேன்."

"ஏறி?"

"நின்னேன். தண்ணி கறுப்பா இருந்துச்சு. வண்டி எங்க இருக்குன்னு தெரியல."

"தெரியலையா?"

என்ஜின் விழுங்கியது. ஐந்து.

"தட்டினான்," என்றான் அவன். குரல் குழந்தையுடையதைப்போல இருந்தது. "உள்ளேருந்து. அஞ்சு தட்டு, கொஞ்சம் விட்டு, திரும்ப அஞ்சு தட்டு. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியணும்னுதான் தட்டினான்."

"எவ்வளவு நேரம்?"

"நிக்கிற வரைக்கும்."

நீரேற்று நிலையத்தின் சுவர் மூட்டத்திலிருந்து வெளியே வந்தது. லொரெட்டா வண்டியை நிறுத்தினாள். சாவியைத் திருப்பி எடுத்தாள். சாவி அவள் கையில் இருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

சூட்டில் சில வண்டிகள் அப்படித்தான். அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள், யாருக்கோ. கதவைத் திறந்து இறங்கினாள், எர்மெஸ் ஏதோ சொன்னான், கதவு பின்னால் தானே சாத்திக்கொண்டது. பானெட்டைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. இந்த முறை கையுறை இல்லை. முதல் வயரைப் பிடுங்கினாள். ஓடியது. இரண்டாவதை. ஓடியது. மூன்றாவது. நான்காவது. நான்கு வயர்களும் கையில் செத்த பாம்புகள் மாதிரித் தொங்கின. ஒன்றிலும் மின்சாரம் அடிக்கவில்லை, ஒன்றும் சுடவில்லை.

என்ஜின் ஓடியது. தடுக்கவே இல்லை.

தட்டல் கேட்டது. என்ஜினில் இல்லை. பின்னால்.

பானெட்டை அவள் இறக்கவில்லை. அதன் ஓரத்தைப் பிடித்தபடியே, தடவிக்கொண்டு, எர்மெஸ் இருந்த வலது பக்கமாகச் சுற்றி வந்தாள். சாலை காய்ந்து கிடந்தது. காலுக்கடியில் சரளை நொறுங்கியது. கால்வாய் எதிர்ப்பக்கம், நான்கு ஆள் நீளம் தள்ளி.

கதவுக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. முழங்கையால் துடைத்தாள். போகவில்லை. அது உள்ளே இருந்தது.

பிறகு கண்ணாடியில் ஒரு கோடு தெரிந்தது. குறுக்காக, மட்டம் வைத்த மாதிரி. கோட்டுக்குக் கீழே பச்சை. கோட்டுக்கு மேலே எர்மெஸின் முகம், கூரையை நோக்கி, வாய் திறந்தபடி. கோடு ஏறிக்கொண்டிருந்தது. பச்சைக்குள் பாசி இழைகள் நிதானமாக அசைந்தன. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

அவன் விரல் முட்டி கண்ணாடியில் பட்டது.

ஐந்து தட்டு.

ஒவ்வொன்றுக்கும் புதுக் கண்ணாடியில் ஒரு சின்ன நட்சத்திரம்.

நிறுத்தினான். அந்த இடைவெளியில், உள்ளேயிருந்து, டேஷ்போர்டின் பக்கமிருந்து, பதில் வந்தது. நிதானமாக. மோதிரத்தால். ஐந்து.

லொரெட்டாவின் கை கைப்பிடியின் மேல் இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. அவளே எண்ணெய் விட்ட கைப்பிடி, ஒற்றை விரலுக்குத் திறக்கும். எர்மெஸின் கண்கள் அவளைக் கண்டுபிடித்துவிட்டன. வாய் சத்தமில்லாமல் அவள் பெயரைச் சொன்னது. அவளுடைய விரல் அசையவில்லை. அசையாதது பயத்தினால்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கோடு அவன் மூக்கைத் தாண்டியது.

திறந்த பானெட்டுக்குக் கீழே, வயர் இல்லாமல், சாவி இல்லாமல், நான்கு சிலிண்டரும் ஓடிக்கொண்டிருந்தன. எத்தனை வருடமாக இந்த வண்டியைக் கேட்டிருக்கிறாள். இவ்வளவு சுத்தமாக அது ஒருநாளும் ஓடியதில்லை. ஒரு சிக்கல் இல்லை, ஒரு மிஸ்ஸிங் இல்லை.

கண்ணாடியில் மறுபடி தட்டல் ஆரம்பித்தது. முன்பைவிட மெதுவாக.

மூட்டத்தில், கைப்பிடியைப் பிடித்தபடி, அவள் எண்ணிக்கொண்டு நின்றாள்.